89 சதவீதமும் பிகு பண்ணும் பூனையும்

பூனைகளுக்கான சிறுநீர் நோய் உணவுகளைப் பற்றித் தேட ஆரம்பித்தால் ஒரு எண் திரும்பத் திரும்ப வந்து நிற்கும்: 89 சதவீதம். ஹில்ஸ் நிறுவனத்தின் சி/டி மல்டிகேர் வகை உணவு, சிறுநீர்த் தொல்லையின் அறிகுறிகள் திரும்ப வருவதை 89 சதவீதம் குறைக்கிறதாம். எண்களோடு பிழைப்பு நடத்துகிறவனுக்கு இப்படி ஒன்றைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. எதில் 89 சதவீதம்? எதை எதால் வகுத்தார்கள்? எங்கள் வீட்டு ஆண் பூனை இந்த மாதிரி சாப்பாட்டை முகர்ந்து பார்த்துவிட்டு, மலத்தை மண் போட்டு மூடுவது போல தட்டைச் சுற்றித் தரையைப் பிறாண்டிவிட்டுப் போகிற ரகம். அதனால் ஆர்வம் கொஞ்சம் கூடுதல்.

எண்ணின் மூலம் 2015இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் வந்த ஒரு கட்டுரை. எழுதியவர்களில் ஜான் க்ரூகர், ஜோடி லூலிச் இருவரும் இந்தத் துறையில் பெரிய பெயர்கள். காரணம் தெரியாத சிறுநீர்ப்பை அழற்சி வந்த பூனைகளை இரண்டு குழுவாகக் குலுக்கிப் பிரித்து, யாருக்கு எந்த உணவு என்று மறைத்து, ஒரு வருடம் பார்த்திருக்கிறார்கள். ஆய்வு முறை நல்ல முறைதான். பணம் கொடுத்தது உணவைத் தயாரிக்கும் கம்பெனி. அதை வைத்து மட்டும் ஒரு ஆய்வைத் தூக்கிப் போட மாட்டேன். பூனை உணவு ஆய்வுக்கு வேறு யார்தான் பணம் கொடுக்கப் போகிறார்கள்?

இப்போது எண்ணுக்கு வருவோம். கணக்கில் வந்தவை 25 பூனைகள். சோதனை உணவு சாப்பிட்ட 11 பூனைகளில் 4க்கு, ஒரே நேரத்தில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட அறிகுறிகளோடு நோய் திரும்ப வந்தது. மற்ற உணவு சாப்பிட்ட 14இல் 9க்கு வந்தது. அதாவது 36 சதவீதம், 64 சதவீதம். இதை ஃபிஷர் சோதனையில் போட்டுப் பார்த்தேன், பி மதிப்பு கிட்டத்தட்ட 0.24 வருகிறது. நாலில் ஒரு தடவை சும்மா அதிர்ஷ்டத்திலேயே இப்படி ஒரு வித்தியாசம் வரலாம் என்று அர்த்தம்.

அப்போ 89? அது பூனைகளை எண்ணியது இல்லை, நோய் வந்த தடவைகளை எண்ணியது. ஆயிரம் பூனை-நாளுக்கு ஒரு குழுவில் 1.28 தடவை, இன்னொன்றில் 11.15 தடவை. வகுத்தால் 89 சதவீதம் குறைவு. கணக்கில் பொய் இல்லை. ஆனால் தடவைகளை எண்ணும்போது, அடிக்கடி நோய் வரும் இரண்டு மூன்று பூனைகள் ஒரு குழுவில் விழுந்துவிட்டால் மொத்த எண்ணும் அவற்றின் தலையிலேயே ஏறிவிடும். எங்கள் ஆபீஸில் ஒரே ஒரு கெட்டுப்போன சர்வர் மொத்த எர்ரர் லாகையும் நிரப்பிய மாதிரி. விளம்பரத்தைப் படிக்கிறவர் மனசில் பதிவது வேறு: 'பத்துப் பூனையில் ஒன்பது பிழைச்சுக்கும்.' ஆய்வு அப்படிச் சொல்லவே இல்லை.

சரி, அப்போ இந்த உணவெல்லாம் ஏமாற்றா? இங்கேதான் இணையத்தில் எதிர்க்கட்சிக்காரர்களோடும் எனக்கு ஒத்துப்போகவில்லை. 'இதில் மருந்தே இல்லை, வெறும் சோளமும் கோழித் தூளும், மருந்துச்சீட்டு என்பது விலை ஏற்றும் தந்திரம்' என்பது அவர்கள் வாதம். மருந்து இல்லை என்பது உண்மை. மருந்து இல்லாத பொருளுக்கு எதற்கு மருந்துச்சீட்டு என்று அமெரிக்காவில் 2016இல் வழக்கே போட்டார்கள். 2020இல் ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த வழக்கைத் தள்ளுபடி செய்தது செல்லாது என்று சொல்லி உயிர் கொடுத்தது. ஆனால் மருந்து இல்லை என்பதால் வேலை செய்யாது என்று ஆகிவிடாது.

எடுத்துக்காட்டு, ஸ்ட்ரூவைட் கல். மெக்னீசியம், அம்மோனியம், பாஸ்பேட் மூன்றும் சேர்ந்த உப்பு. நாய்களில் இது பெரும்பாலும் கிருமித் தொற்றால் வரும். பூனைகளில் பெரும்பாலும் கிருமி இல்லாமலேயே வரும். சிறுநீர் காரமாக இருந்தால் படியும், அமிலமானால் கரையும். 2013இல் லூலிச் குழு 37 பூனைகளை வைத்துச் செய்த ஆய்வில், கல் கரைய எஸ்/டி உணவில் சராசரி 13 நாள், சி/டி உணவில் 27 நாள். அறுவை சிகிச்சை இல்லாமல், வெறும் சாப்பாட்டில்! கரையாமல் நின்ற சிலவற்றில் இருந்தது வேறு வகைக் கல். இன்னொன்றும் கவனியுங்கள்: அந்த இரண்டுமே டிரை ஃபுட். 'டிரை ஃபுட் விஷம், வெட் ஃபுட் மட்டும்தான்' என்று சத்தியம் பண்ணுகிறவர்கள் இந்தக் கட்டுரையை அவ்வளவாகக் குறிப்பிடுவதில்லை.

இந்த அமில விஷயம் கண்டுபிடிக்கப்பட்ட கதையும் சுவாரசியமானது. முதலில் குற்றவாளி 'சாம்பல்' என்றார்கள், அதாவது உணவை எரித்தால் மிஞ்சும் மொத்தத் தாதுக்கள். பிறகு சாம்பலில் இருக்கும் மெக்னீசியம் மட்டும் என்றார்கள். அப்புறம்தான் தெரிந்தது, அதே மெக்னீசியத்தை ஆக்சைடாகக் கொடுத்தால் சிறுநீர் காரமாகிறது, குளோரைடாகக் கொடுத்தால் அமிலமாகிறது. ஆகவே கம்பெனிகள் மெக்னீசியத்தைக் குறைத்து அமிலத்தையும் கூட்டின. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் கல் ஆய்வகத்துக்கு 1981இல் வந்த பூனைக் கற்களில் முக்கால் பங்குக்கு மேல் ஸ்ட்ரூவைட். கால்சியம் ஆக்சலேட் ஓரிரு சதவீதம்தான். 2000களின் தொடக்கத்தில் ஆக்சலேட் பாதியைத் தாண்டிவிட்டது. ஆக்சலேட்டை எந்த உணவும் கரைக்காது, எடுத்துத்தான் ஆக வேண்டும்.

ஒரு கல்லைத் துரத்தி இன்னொன்றை வரவழைத்தோம் என்று இதை எல்லோரும் சொல்கிறார்கள். ஓரளவு நியாயமான சந்தேகம்தான், அதிக அமிலம் சிறுநீரில் கால்சியத்தைக் கூட்டும். ஆனால் ஆய்வகத்துக்கு எந்தக் கல் போகும்? வெளியே எடுக்கப்பட்ட கல். வீட்டிலேயே சாப்பாட்டில் கரைந்துபோன ஸ்ட்ரூவைட் அந்தக் கணக்கில் வராது. ஆகவே அந்தத் தலைகீழ் மாற்றத்தில் ஒரு பகுதி, சிகிச்சை வெற்றி பெற்றதன் நிழல். எவ்வளவு பகுதி என்று அந்தத் தரவை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது.

ஆக, கேள்வி 'எந்த பிராண்ட்' இல்லை. 'என்ன நோய்'. பஃபிங்டன் குழு 1997இல் அடைப்பு இல்லாத சிறுநீர்த் தொல்லையோடு வந்த 109 பூனைகளைச் சோதித்ததில் 64 சதவீதத்துக்குக் காரணமே கிடைக்கவில்லை. கல் இருந்தது 13 சதவீதத்துக்குத்தான். கடையில் 'யூரினரி' என்று எழுதியிருக்கும் பை இந்த இரண்டு கூட்டத்துக்கும் ஒன்றுதான். ஆனால் இரண்டு கூட்டத்துக்கும் தேவை வேறு வேறு. என் குறையெல்லாம் இந்த ஒரு சொல்லின் மேல்தான்.

காரணம் தெரியாத அழற்சி என்றால் பழைய ஆய்வு ஒன்று, 1999இல் மார்க்வெல் குழுவுடையது, எனக்கு 89ஐ விட முக்கியமாகப் படுகிறது. அமிலமாக்கும் உணவின் டின் வடிவம் சாப்பிட்ட 18 பூனைகளில் ஒரு வருடத்தில் 2க்கு நோய் திரும்பியது. அதன் டிரை வடிவம் சாப்பிட்ட 28இல் 11க்கு. இதுவும் சின்ன ஆய்வுதான், ஆனால் இங்கே இரு குழுவுக்கும் நடுவில் இருக்கும் பெரிய வித்தியாசம் தண்ணீர். நாலு கிலோ பூனைக்கு நாளைக்குச் சுமார் 200 கலோரி வேண்டும் என்று வையுங்கள். டிரை ஃபுட்டில் அது 50 கிராம் சொச்சம், உள்ளே இருக்கும் தண்ணீர் 5 மில்லி தேறும். வெட் ஃபுட்டில் 250 கிராம், தண்ணீர் 200 மில்லி பக்கம். டிரை தின்னும் பூனை கிண்ணத்தில் கூடுதலாகக் குடிக்கும், ஆனால் வழக்கமாக அந்த இடைவெளியை முழுக்க ஈடு கட்டாது.

இப்போது பிகு பண்ணும் பூனை. டாக்டர் எழுதிக் கொடுத்ததைத் தொடவே மாட்டேன் என்கிறது. உடனே நாலு பேர் சொல்வார்கள்: 'பசிச்சா தானா தின்னும், விடுங்க.' குழந்தைக்குச் சொல்லும் அறிவுரையைப் பூனைக்கும் சொல்வது. இதைத்தான் இந்தக் கட்டுரையில் நான் கடுமையாக மறுக்க வேண்டும். பூனை, அதிலும் குண்டுப் பூனை, சில நாள் பட்டினி கிடந்தால் உடம்புக் கொழுப்பு கல்லீரலில் போய்க் குவிந்து உயிருக்கே ஆபத்தாகும். சிறுநீர்ப்பையைக் காப்பாற்றப் போய் கல்லீரலைப் பறிகொடுப்பது. ஒரு நாள் முழுக்க எதுவும் சாப்பிடவில்லை என்றால் பழைய சாப்பாட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு டாக்டருக்கு ஃபோன் பண்ண வேண்டும். ஆண் பூனை மணல் தட்டில் போய்ப் போய் முக்கி, சொட்டும் வராவிட்டால் அது சாப்பாட்டுப் பிரச்சனையே இல்லை, அடைப்பு. இரண்டு மூன்று நாளில் செத்துவிடும். அன்றைக்கே, ராத்திரி ஆனாலும், தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான்.

பிகுவுக்கும் காரணம் இருக்கிறது. குட்டியிலிருந்து தின்ற பதத்தையே பூனை 'சாப்பாடு' என்று எண்ணிக்கொள்ளும். மொறுமொறுவில் வளர்ந்ததற்குக் கூழ் போன்றது சாப்பாடாகவே தெரியாது. வயிற்றைப் புரட்டும் நேரத்தில் கொடுத்த உணவைப் பிறகு வெறுத்துவிடும். ஆஸ்பத்திரியில் டியூப் போட்டுப் படுத்திருக்கும்போதே புது உணவை நீட்டுவது, நல்லெண்ணத்தில் செய்யும் நாசம். வீட்டுக்கு வந்து, பழைய சாப்பாட்டைப் பழையபடி தின்ன ஆரம்பித்த பிறகு, பக்கத்தில் இன்னொரு தட்டாக வைக்கலாம். வெட் ஃபுட்டை உடம்புச் சூட்டுக்குக் கொஞ்சம் வெதுவெதுப்பாக்கினால் வாசனை எழும். பத்து நாளில் மாறினால் அதிர்ஷ்டம். ஒரு மாதமும் ஆகலாம்.

எவ்வளவு பிடிவாதம் பிடிக்கலாம் என்பது நோயைப் பொறுத்தது. ஸ்ட்ரூவைட் கல்லைக் கரைக்கும் அந்த வாரங்களில் தளர்வு கிடையாது. கரைக்கும் உணவு மட்டும்தான். பாதிக்குப் பாதி நெத்திலியும் தயிர் சாதமும் போட்டால் சிறுநீர் பழைய நிலைக்கே போய்விடும். அந்தப் பூனை மொறுமொறுவைத்தான் தின்னும் என்றால் டிரையே கொடுங்கள், மேலே சொன்ன ஆய்வே சாட்சி. ராயல் கேனின் யூரினரி எஸ்/ஓ, ஹில்ஸ், ஃபார்மினா வெட் லைஃப் ஸ்ட்ரூவைட் என்று நம் ஊரிலும் வகைகள் உண்டு. ஒன்று பிடிக்காவிட்டால் இன்னொன்றைக் கேட்கலாம். கேட்டு மாற்றுங்கள், நாமாக அமிலமாக்கும் மாத்திரை எதையும் மேலே சேர்க்கக் கூடாது. அமில உணவின் மேல் அமிலம் சேர்ந்தால் ரத்தமே அமிலமாகும். கல் கரைந்ததா என்பதை எக்ஸ்ரேதான் சொல்லும், பூனை துள்ளி விளையாடுவது சொல்லாது.

காரணம் தெரியாத அழற்சி என்றால் கணக்கு தலைகீழ். எல்லா யூரினரி உணவையும் துப்புகிற பூனை, சாதாரணமான, முழுச் சத்துள்ள வெட் ஃபுட்டை ஆசையாகத் தின்கிறது என்றால், டாக்டரிடம் சொல்லிவிட்டு அதையே கொடுப்பேன். தட்டில் காய்ந்து கிடக்கும் 89 சதவீதத்தை விட வயிற்றுக்குள் போகும் 80 சதவீதத் தண்ணீர் மேல். மணல் தட்டு சுத்தம், வீட்டில் அமைதி, ஒளிந்துகொள்ள ஒரு இடம், இதெல்லாம் இந்த நோய்க்குச் சிகிச்சையிலேயே சேர்த்தி.

மாற்றியது வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ள விளம்பரத்தைப் பார்க்க வேண்டாம். நாலைந்து வாரம் கழித்து ஒரு சிறுநீர்ச் சோதனை எடுத்து, ரிப்போர்ட்டில் ஸ்பெசிஃபிக் கிராவிட்டி என்ற வரியைப் பாருங்கள். 1.050க்கு மேல் நின்றால் தண்ணீர் இன்னும் போதவில்லை. 1.030க்குக் கீழே வந்திருந்தால் அந்தச் சாப்பாட்டையே தொடரலாம், பையின் மேல் என்ன எழுதியிருந்தாலும்.