பிபி: லாபத்துக்கு இரண்டு கணக்கு, திசைக்கு மூன்று

2022ஆம் ஆண்டுக்கு பிபி நிறுவனம் இரண்டு கணக்குச் சொன்னது. ஒன்றில் 2,770 கோடி டாலர் லாபம். நூற்றாண்டைத் தாண்டிய அதன் வரலாற்றிலேயே அதுதான் உச்சம். மற்றொன்றில் ஏறக்குறைய 250 கோடி டாலர் நட்டம். இரண்டும் ஒரே நாளில் வெளியான ஒரே அறிவிப்பில் இருந்தன. இரண்டிலும் பொய் இல்லை. பிரிட்டனில் அந்தக் குளிர்காலத்தில் எரிவாயு பில் கட்ட முடியாமல் தவித்தவர்கள் முதல் எண்ணைக் காட்டிக் கொதித்தார்கள். இரண்டாவது எண்ணைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை.

முதல் கணக்கு எப்படி வருகிறது? கச்சா எண்ணெயை வாங்கி, கப்பலில் கொண்டுவந்து, சுத்திகரித்து, பெட்ரோலாக விற்பதற்குள் வாரக் கணக்கில் நாள் ஓடிவிடும். அதற்குள் சந்தை விலை ஏறிவிட்டால், பழைய விலைக்கு வாங்கிய சரக்கைப் புதிய விலைக்கு விற்ற லாபமும் கணக்கில் ஏறிவிடும். குடோனில் கிடந்த அரிசியின் விலை தானாக உயர்ந்ததைத் தன் வியாபாரத் திறமை என்று மண்டிக்காரர் சொல்லிக்கொள்ள முடியாதல்லவா? அந்தக் கையிருப்பு லாபத்தை பிபி கழித்துவிடுகிறது. அதோடு, வழக்கமான தொழிலைச் சேராதவை என்று அது கருதும் இனங்களையும் ஒதுக்கிவைக்கிறது. மிஞ்சுவதை ‘அடிப்படை லாபம்’ என்கிறது. 2022இல் அப்படி ஒதுக்கிய இனங்களில் மிகப் பெரியது ரஷ்யாவின் ரோஸ்நெஃப்ட். உக்ரைன் போர் தொடங்கி மூன்று நாள் கழித்து, தன் கையிலிருந்த 19.75 சதவீதப் பங்கைக் கைவிடுவதாக பிபி அறிவித்தது. அதற்காக எழுதித் தள்ளிய தொகை 2,400 கோடி டாலருக்கு மேல்.

இந்த முறைக்கு நியாயம் உண்டு. கையிருப்பின் விலையேற்றத்தைக் கழிக்காவிட்டால், கச்சா விலை ஏறிய ஆண்டிலெல்லாம் நிர்வாகம் கெட்டிக்காரத்தனமாகவும் இறங்கிய ஆண்டிலெல்லாம் முட்டாள்தனமாகவும் தெரியும். எண்ணெய்த் தொழிலை ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட்டுப் பார்க்க இப்படி ஓர் அளவுகோல் வேண்டும்தான். என் சந்தேகம் ஒதுக்கிவைக்கும் இனங்களின் மேல். 2020இல், எதிர்கால எண்ணெய் விலை பீப்பாய்க்கு 55 டாலர்தான் இருக்கும் என்று அனுமானத்தைத் தாழ்த்தி, 1,750 கோடி டாலர் வரை மதிப்பைக் குறைப்பதாக அறிவித்தார்கள். 2022இல் ரோஸ்நெஃப்ட். 2023இல் நியூயார்க் கடலோரக் காற்றாலைத் திட்டங்களுக்காக 54 கோடி டாலர். 2024இல் அடிப்படை லாபம் 890 கோடி டாலர். ஒதுக்கியவற்றையும் சேர்த்துப் பங்குதாரர்களுக்கு மிஞ்சிய லாபமோ வெறும் 38 கோடிச் சொச்சம். ஆண்டு தவறாமல் வருகிற ஒன்றை எப்படி விதிவிலக்கு என்பது? தவறான இடத்தில் பணம் போட்டதன் விலைதான் பெரும்பாலும் இந்த இனங்களுக்குள் கிடக்கிறது. முதலீட்டு முடிவு நிர்வாகத்தின் முழுநேர வேலை. அதன் தோல்வியை மட்டும் ‘வழக்கமான தொழிலைச் சேராதது’ என்று தனியே எடுத்து வைப்பது வசதியான பழக்கம்.

கடன் கணக்கிலும் இதே வசதி உண்டு. 2024 முடிவில் நிகரக் கடன் 2,300 கோடி டாலர்; 2027 முடிவுக்குள் அதை 1,400 முதல் 1,800 கோடிக்குள் கொண்டுவருவது இலக்கு. கப்பல்களுக்கும் மிதவை மேடைகளுக்கும் கட்டவேண்டிய குத்தகைப் பாக்கி இந்த எண்ணில் சேராது. 2020இல் வெளியிட்ட ஏறக்குறைய 1,190 கோடி டாலர் ‘ஹைப்ரிட்’ பத்திரங்களும் சேரா. அவற்றுக்கு வட்டி உண்டு, ஆனால் கணக்கேட்டில் அவை மூலதனமாக நிற்கின்றன. 2010இல் 11 உயிர்களைக் குடித்து மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெயைக் கொட்டிய டீப்வாட்டர் ஹொரைசன் விபத்துக்காக இன்னும் ஆண்டுக்கு 100 கோடி டாலருக்கு மேல் கட்டிவருகிறார்கள். அந்தப் பாக்கியும் வெளியேதான் நிற்கிறது. ஒவ்வொன்றுக்கும் கணக்கியல் விதியில் இடம் இருக்கிறது, அறிக்கையின் உள்பக்கங்களில் விவரமும் இருக்கிறது. ஆனால் மேடையில் பேசியவர் சொன்னது 2,300 கோடியை மட்டுமே.

இனி வியூகத்துக்கு வருவோம். 2020 பிப்ரவரியில் தலைமைச் செயல் அதிகாரியாகப் பொறுப்பேற்ற பெர்னார்ட் லூனி, 2050க்குள் நிகர பூஜ்ஜிய உமிழ்வு என்றார். ஆகஸ்டில் திட்டம் விரிந்தது: 2030க்குள் எண்ணெய், எரிவாயு உற்பத்தியை 40 சதவீதம் குறைப்பது, அதாவது நாளொன்றுக்கு 26 லட்சம் பீப்பாயிலிருந்து ஏறக்குறைய 15 லட்சத்துக்கு இறங்குவது. பெரிய எண்ணெய் நிறுவனம் எதுவும் அதுவரை அப்படிச் சொன்னதில்லை. அதே நாளில் டிவிடெண்டையும் பாதியாக வெட்டினார்கள். ஆனாலும் பங்கு விலை ஏறியது. 2023 பிப்ரவரியில் அந்த 40ஐ 25 ஆக்கினார்கள். அன்றும் பங்கு விலை ஏறியது. இலக்கை வைத்ததற்கும் கைதட்டல், தளர்த்தியதற்கும் கைதட்டல். அந்தக் கைதட்டலை வைத்துத் திசையைத் தீர்மானிப்பது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இந்த இரண்டு நாட்களே போதும்.

அந்த 40 சதவீதத்தைச் சற்றுக் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். அதில் ரோஸ்நெஃப்ட் பங்கின் உற்பத்தி சேரவே இல்லை. 2021இல் பிபி தன் பேரில் காட்டிய மொத்த உற்பத்தியில் மூன்றிலொரு பங்கு அந்த ரஷ்ய நிறுவனத்திலிருந்து வந்தது. டிவிடெண்ட் வாங்கும்போதும் எண்ணெய் இருப்பைக் காட்டும்போதும் ரோஸ்நெஃப்ட் நம்முடையது. உமிழ்வைக் குறைக்கும்போது மட்டும் அடுத்த வீட்டுக்காரருடையது. அடுத்து, குறைப்பின் பெரும்பகுதி விற்பனையால் வரவிருந்தது. அலாஸ்காவிலிருந்த சொத்துகளை 560 கோடி டாலருக்கு ஹில்கார்ப் என்ற தனியார் நிறுவனத்துக்கு விற்றார்கள். கிணறு அங்கேயே இருந்தது, எண்ணெயும் வந்துகொண்டிருந்தது; மாறியது பலகையில் இருந்த பெயர் மட்டும். பிபியின் அறிக்கையில் குறைந்த உமிழ்வு வானத்தில் குறையவில்லை. அதுவும் பங்குச் சந்தையில் பட்டியலிடப்படாத நிறுவனத்தின் கைக்குப் போனபின், முன்பு ஆண்டுதோறும் பொதுவெளிக்கு வந்த தகவலும் குறைந்துபோனது. பசுமைத் திட்டத்தைப் பாராட்டியவர்களும் திட்டியவர்களும் இந்த இடத்தைக் கடந்துதான் போனார்கள்.

லூனி 2023 செப்டம்பரில், ஊழியர்களுடனான தனிப்பட்ட உறவுகள் குறித்து இயக்குநர் குழுவிடம் முழு உண்மையைச் சொல்லவில்லை என்று ஒப்புக்கொண்டு விலகினார். நிதிப் பொறுப்பிலிருந்த மரே ஆக்கின்க்ளாஸ் அந்த இடத்துக்கு வந்தார். 2025 பிப்ரவரி 26 அன்று அவர் அறிவித்த புதிய திட்டத்தில், எண்ணெய்-எரிவாயு முதலீடு ஆண்டுக்கு 1,000 கோடி டாலராக உயர்ந்தது. மாற்று எரிசக்திக்கான ஒதுக்கீட்டில் ஆண்டுக்கு 500 கோடிக்கு மேல் வெட்டு விழுந்தது. 2030இல் உற்பத்தி 23 முதல் 25 லட்சம் பீப்பாய் என்றார்கள். ஐந்தாண்டு ஊர்வலம் போய், ஏறக்குறைய புறப்பட்ட தெருவுக்கே வந்தாயிற்று. எலியட் என்ற முதலீட்டு நிறுவனம் 5 சதவீத அளவில் பங்கு வாங்கியிருந்த செய்தி அதே மாதத்தில் வந்ததைத் தற்செயல் என்று நம்புவது கடினம்.

மாற்றியதே தவறு என்று நான் சொல்லவரவில்லை. 2020க்கும் 2025க்கும் நடுவில் ஒரு போர் மூண்டது, வட்டி விகிதம் ஏறியது, கடலில் காற்றாலை நடும் செலவு தாறுமாறாக உயர்ந்தது. நிலவரம் மாறும்போது முடிவும் மாறத்தான் வேண்டும். சிக்கல் மாற்றிய நேரத்தில் இருக்கிறது. கொரோனாவில் எண்ணெய் விலை தரையில் கிடந்தபோது பெட்ரோகெமிக்கல் தொழிலை 500 கோடிக்கு இனியோஸுக்கு விற்றார்கள். 2022இல் எரிவாயு விலை உச்சத்தில் இருந்தபோது ஆர்க்கியா என்ற அமெரிக்க உயிரி எரிவாயு நிறுவனத்தை, கடனையும் சேர்த்து 410 கோடிக்கு வாங்கினார்கள். லைட்சோர்ஸ் என்ற சூரிய மின் நிறுவனத்தை 2024இல் முழுதாக வாங்கி முடித்துவிட்டு, மறுவருடமே அதற்குக் கூட்டாளி தேடினார்கள். இறங்கும்போது விற்று ஏறும்போது வாங்குவது சில்லறை முதலீட்டாளரின் பழக்கம் என்று சொல்வார்கள். லண்டன் செயின்ட் ஜேம்ஸ் சதுக்கத்திலும் அதேதான் நடந்திருக்கிறது.

இது முதல் முறையும் அல்ல. தலைமைச் செயல் அதிகாரி ஜான் பிரவுன் காலத்தில், 2000இல், ‘பெட்ரோலியத்துக்கு அப்பால்’ என்று முழக்கம் வைத்துப் பச்சை-மஞ்சள் சூரியச் சின்னத்தைச் சூடிக்கொண்டார்கள். 2011இல் சூரிய மின் தொழிலுக்கு மூடுவிழா நடத்தினார்கள். சின்னம் மட்டும் இன்றுவரை பெட்ரோல் பங்க்குகளின் தலையில் பளபளக்கிறது.

மெக்சிகோ வளைகுடாவில் கஸ்கிடா என்று ஒரு வயல். அதைக் கண்டுபிடித்தது 2006இல். துளையிட்டது, நான்கு ஆண்டு கழித்து வெடித்து மூழ்கிய அதே டீப்வாட்டர் ஹொரைசன் மேடை. கடலடியிலிருந்து இன்னும் பல கிலோமீட்டர் ஆழத்தில் எண்ணெய். அங்குள்ள அழுத்தத்தைத் தாங்கும் கருவிகள் அன்று இல்லை. சதுர அங்குலத்துக்கு 20,000 பவுண்டு அழுத்தம் தாங்கும் வால்வுகளும் குழாய்களும் உருவாகிவர ஆண்டுகள் பிடித்தன. 2024 ஜூலையில்தான் திட்டத்துக்கு ஒப்புதல். நாளுக்கு 80,000 பீப்பாய் கொள்ளளவுள்ள மேடையில் 2029இல் முதல் எண்ணெய் வரும் என்கிறார்கள். கண்டுபிடிப்புக்கும் முதல் பீப்பாய்க்கும் நடுவே 23 ஆண்டுகள். இதற்குள் பிரவுன், ஹேவர்ட், டட்லி, லூனி, ஆக்கின்க்ளாஸ் என்று ஐந்து தலைவர்கள் போயாயிற்று. இப்படிப்பட்ட தொழிலில் இரண்டு மூன்று ஆண்டுக்கொரு முறை உற்பத்தி இலக்கைத் திருத்தினால், 2020இல் அனுப்பிவைத்த பொறியாளர்களை 2025இல் மறுபடி தேடவேண்டி வரும்.

ஆந்திரக் கடலோரத்தில் பொறுமைக்கு ஒரு சான்று கிடக்கிறது. 2011இல் ரிலையன்ஸின் எண்ணெய்-எரிவாயுத் தொகுதிகளில் 30 சதவீதப் பங்கை 720 கோடி டாலருக்கு பிபி வாங்கியது. கிருஷ்ணா-கோதாவரிப் படுகையில் எதிர்பார்த்த வாயு வரவில்லை. மதிப்பைக் குறைத்து எழுதினார்கள், விலை நிர்ணயத்தில் அரசோடு இழுபறியும் இருந்தது. விலகவில்லை. 2020 முதல் 2023க்குள் ஆர் கிளஸ்டர், சாட்டிலைட் கிளஸ்டர், எம்ஜே என மூன்று ஆழ்கடல் திட்டங்களும் ஒன்றன்பின் ஒன்றாக உற்பத்திக்கு வந்தன. போட்ட பணம் முழுதும் திரும்பியதா என்பது வேறு கதை. ஆனால் இந்தியாவின் எரிவாயு உற்பத்தியில் கணிசமான பங்கு அங்கிருந்து வருகிறது. பிபியின் பொறியாளர்களுக்கு வேலை தெரியும் என்பதில் யாருக்கும் ஐயம் வேண்டாம். கிணற்றிலிருந்து பங்க் வரை ஒரே கையில் வைத்திருப்பதன் வலுவும் உண்மையானது: ஒரு முனையில் விலை விழுந்தால் மறுமுனையோ வணிகப் பிரிவோ தாங்கிப் பிடிக்கும். எப்போதும் அல்ல. 2024 பிப்ரவரியில் இண்டியானாவிலுள்ள வைட்டிங் ஆலையில் மின்சாரம் போய், நாளுக்கு நாலு லட்சம் பீப்பாய்க்கு மேல் சுத்திகரிக்கும் இடம் வாரக் கணக்கில் முடங்கியது. சுத்திகரிப்பு லாபம் ஏற்கெனவே சரிந்துகொண்டிருந்த ஆண்டு அது.

போட்டி நிறுவனமான எக்ஸான்மொபில் 2020இல் 2,240 கோடி டாலர் நட்டப்பட்டது. கடன் வாங்கி டிவிடெண்ட் கொடுத்தது, கயானா கடலில் போட்ட பணத்தைத் தொடர்ந்து போட்டது, மறுவருடம் எஞ்சின் நம்பர் ஒன் என்ற சிறு முதலீட்டு நிறுவனத்திடம் மூன்று இயக்குநர் இடங்களைப் பறிகொடுத்தும் பாதையை மாற்றவில்லை. பருவநிலையைப் பொறுத்தவரை அது பாராட்டத்தக்க பிடிவாதம் இல்லை. ஆனால் அந்த நிறுவனம் எதை நம்புகிறது என்று எதிர்ப்பவருக்கும் தெரியும். பிபியிடம் பருவநிலை ஆர்வலரும் ஏமாந்தார், லாபத்துக்காக வந்தவரும் ஏமாந்தார். 2022 பொதுக்குழுவில் பசுமைத் திட்டத்துக்கு 88 சதவீத வாக்கு கிடைத்தது. அதைக் கைவிட்டபோது பங்குதாரர்களிடம் வாக்குக் கேட்கவே இல்லை. 2025 ஏப்ரலில் இயக்குநர் குழுத் தலைவர் ஹெல்கே லுண்டின் மறுதேர்வுக்கு எதிராக 24 சதவீதம் விழுந்தது. எதிர் எதிர் காரணங்களுக்காகக் கோபப்பட்டவர்கள் ஒரே பக்கம் வாக்களித்தார்கள்.

லுண்டுக்குப் பின் 2025இல் அல்பர்ட் மேனிஃபோல்ட் இயக்குநர் குழுத் தலைவரானார். 2025 டிசம்பரில் ஆக்கின்க்ளாஸை அனுப்பிவிட்டு, ஆஸ்திரேலியாவின் வுட்சைடை நடத்திவந்த மெக் ஓ’நீலைத் தேர்ந்தெடுத்தார்கள். அதே மாதம் மசகெண்ணெய்த் தொழிலான காஸ்ட்ராலின் 65 சதவீதத்தை ஸ்டோன்பீக் என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு விற்க ஒப்பந்தம் ஆனது. மொத்தத் தொழிலுக்குப் போட்ட மதிப்பு 1,010 கோடி டாலர். நம்மூர் மெக்கானிக் கடை வரை பெயர் போன, ஆண்டுதோறும் சீராகப் பணம் தரும் தொழிலை விற்றுக் கடனைக் குறைக்கிறார்கள். கடன் இலக்கை எட்ட இது உதவும், அடுத்த ஆண்டறிக்கையும் நன்றாகத் தெரியும். பிரேசில் கடலில் 2025இல் பிபி கண்டறிந்த புமராங்கே வயல், 25 ஆண்டுகளில் தன் மிகப் பெரிய கண்டுபிடிப்பு என்று பிபியே சொல்கிறது. அது எண்ணெய் தரும் வரை கணக்கில் வரப்போவது செலவுதான். அந்தச் செலவைத் தாங்க, விலை விழும் ஆண்டிலும் கைகொடுக்கும் காஸ்ட்ரால் போன்ற தொழில்களே வேண்டும்.

பிபியின் ஆண்டறிக்கை தொழிற்சாலைப் பாதுகாப்பு முதல் மீத்தேன் கசிவு வரை சொல்கிறது. பல நாட்டு அரசு எண்ணெய் நிறுவனங்கள் இதில் கால்வாசி கூடச் சொல்வதில்லை. அந்த அறிக்கையின் முகப்பில், 2020இலும் 2023இலும் 2025இலும் வைத்த இலக்குகளை ஒரே அட்டவணையில் அருகருகே போட்டு, ஒவ்வொன்றையும் நம்பி எவ்வளவு பணம் இறக்கினோம், அதில் எவ்வளவை எழுதித் தள்ளினோம் என்று காட்டச் சொல்லிப் பங்குதாரர்கள் கேட்கலாம். ஓ’நீல் புதிய இலக்கு ஏதும் அறிவிப்பதற்கு முன்னால் கேட்பது நல்லது.