ரப்பர் வைக்காத கணக்குப்பிள்ளை

பி.காம். முடித்த கையோடு மதுரை கீழமாசி வீதியில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் சில மாதங்கள் கணக்கு எழுதினேன். மிளகாய் வத்தல் நெடியில் தும்மிக்கொண்டே பேரேடு புரட்டிய காலம்! அங்கே ஒரு வயதான கணக்குப்பிள்ளை இருந்தார். அவர் மேஜையில் பேனா, ஸ்கேல் எல்லாம் உண்டு; ரப்பர் மட்டும் கிடையாது. தப்பாக எழுதிவிட்டால் ஒரே ஒரு கோடு. மேலே சரியான தொகை. பக்கத்தில் சின்னதாக ஒரு கையெழுத்து. அவ்வளவுதான்.

‘‘தப்பு நடக்கும் தம்பி. ஆனா, அது கண்ணுக்குத் தெரியணும். தெரியாம அழிச்சா அது திருட்டு’’ என்பார்.

இன்று அந்த மேஜையில் கம்ப்யூட்டர். போன மாத பில்லைத் திறந்து, ஐம்பதாயிரத்தை ஐயாயிரமாக்கி ‘என்டர்’ தட்டினால் முடிந்தது ஜோலி. கோடும் இல்லை, கையெழுத்தும் இல்லை. பிரின்ட் எடுத்தால் பொய்கூட பளிச்சென்று உண்மை மாதிரியே வருகிறது.

‘சாதாரண கடைக்காரர் செய்வதைப் பெரிதுபடுத்தலாமா?’ என்று கேட்பீர்கள். சரி, கம்ப்யூட்டரையே தொழிலாக வைத்திருந்த கம்பெனிக்குப் போவோம். ஹைதராபாத் ‘சத்யம்’ நினைவிருக்கிறதா? 2008-ல் சிறந்த நிர்வாகத்துக்காக ‘கோல்டன் பீகாக்’ விருது வாங்கிய கம்பெனி. 2009 ஜனவரி 7-ம் தேதி அதன் தலைவர் ராமலிங்க ராஜு ஒரு கடிதம் எழுதினார். கணக்கில் இருப்பதாகக் காட்டிய ரொக்கத்திலும் வங்கி இருப்பிலும் ரூ.5,040 கோடி இல்லவே இல்லையாம்! சி.பி.ஐ. தோண்டியதில் 7,561 போலி இன்வாய்ஸ்கள் கிளம்பின. கம்பெனியின் சொந்த சாஃப்ட்வேருக்குள்ளேயே அவற்றை நுழைத்து, மற்ற அதிகாரிகளின் கண்ணில் படாமல் மறைத்திருந்தார்கள். பெயர் என்னவோ சத்யம்!

2015 ஏப்ரலில் ஹைதராபாத் தனி கோர்ட் 10 பேருக்குத் தண்டனை விதித்தது. மறு மாதமே அப்பீலில் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டு ஜாமீன் கிடைத்தது வேறு கதை. நான் கவனித்தது அந்தப் பட்டியலை. ராஜு, அவரது சகோதரர்கள், ஆடிட்டர்கள் மட்டுமல்ல, நிதிப் பிரிவில் மாதச் சம்பளம் வாங்கிய ஊழியர்களும் அதில் இருந்தார்கள்.

சத்யம் வெடித்து 14 வருடம் கழித்து, 2023 ஏப்ரல் 1 முதல் ஒரு விதி வந்தது. கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு சாஃப்ட்வேர், எந்தப் பதிவை எப்போது மாற்றினார்கள் என்று தானே குறித்துவைக்க வேண்டும். அந்த வசதியை அணைக்க முடியக் கூடாது. நம் கணக்குப்பிள்ளையின் கோடு மறுபடி வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். ஆனால், தனிநபர் கடைகளுக்கும் பங்குதாரர் கடைகளுக்கும் இந்த விதி கிடையாது. நம்மூர் மாசி வீதிகளில் அப்படிப்பட்ட கடைகள் எத்தனை!

கம்பெனியிலும் ஒரு ஓட்டை பாக்கி இருக்கிறது. ‘‘உன் பாஸ்வேர்டுலயே மாத்திடும்மா’’ என்று முதலாளி வாயால் சொல்வார். சாஃப்ட்வேரில் பதிவாவது அந்தப் பெண்ணின் பெயர். சொன்ன வாயை எந்த சாஃப்ட்வேரும் பதிவு செய்வதில்லை. தட்டிய விரல்தான் மாட்டும்.

மேலூரிலிருந்தும் திருமங்கலத்திலிருந்தும் பஸ் பிடித்து வந்து கணக்கு எழுதும் பி.காம். பிள்ளைகளே... பாஸ்வேர்டு என்பது உங்கள் கையெழுத்து. யாருக்கும் கடன் கொடுக்காதீர்கள். மாற்றச் சொன்னால், ‘‘ஒரு வரி எழுதிக் கொடுத்திடுங்க சார்’’ என்று பணிவாகக் கேளுங்கள். நியாயமான திருத்தம் என்றால் உடனே எழுதிக் கொடுப்பார்.

எழுதித் தர யோசித்தால்? கணக்குப்பிள்ளை சொன்ன இரண்டாவது வாக்கியம் ஞாபகம் இருக்கட்டும்.