போட்டோ மாதிரி

'போட்டோ மாதிரி இருக்கிறது' என்பது நம்மிடையே பாராட்டுக்கும் வசைக்கும் ஒருசேரப் பயன்படுகிற சொல். வாரப் பத்திரிகைக்காரர் இதைப் புகழ்ச்சியாகச் சொல்கிறார்; நம் வட்டத்தில் ஒரு நாவலைத் தீர்த்துக்கட்ட இதுவே போதும். இரு தரப்பாரும் போட்டோவைப் பார்ப்பதில்லை என்று படுகிறது. அதற்குள்ளிருக்கும் ஆளைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். சக் க்ளோஸைப் பற்றி எழுத எனக்கிருக்கும் காரணம் இதுதான்.

1967-68ல் க்ளோஸ் தன் முகத்தையே படம் பிடித்து, கட்டம் போட்டு, ஏறக்குறைய ஒன்பதடி உயரமும் ஏழடி அகலமுமான கான்வாஸில் கறுப்பு அக்ரிலிக்கால் வரைந்தார். வாயில் சிகரெட், சவரம் காணாத முகவாய், கலைந்த தலை. மினியாபொலிஸ் நகரின் வாக்கர் கலை மையத்தில் இருக்கிறது. கட்டம் போட்டுப் பெரிதாக்குவது நம் சினிமா பேனர் ஓவியர்களுக்கும் கைவந்த வேலைதான். ஆனால் அவர்கள் நட்சத்திரத்தின் கன்னத்துக்குக் கொஞ்சம் ரோஜா நிறம் கூட்டிக்கொடுத்தார்கள். க்ளோஸ் எதையும் கூட்டுவதில்லை.

வேலைமுறையைச் சொல்லியாக வேண்டும். எண்ணெய் வண்ணம் நாள்கணக்கில் ஈரமாக இருக்கும். திரும்பத் திரும்பக் குழைக்கலாம், சபலத்துக்கு இடமுண்டு. அக்ரிலிக் நீரில் கலந்த ஒருவகை பிளாஸ்டிக். நீர் ஆவியானதும் சில நிமிஷங்களில் இறுகிவிடும். பிறகு தண்ணீருக்குக் கரையாது. க்ளோஸ் கறுப்பை நன்றாக நீர்த்து ஏர்பிரஷ்ஷால் படலம் படலமாகத் தூவினார். வெள்ளை வண்ணம் கிடையாது. வெளிச்சமெல்லாம் கான்வாஸின் வெள்ளைப் பூச்சுதான். கறுப்பு கூடிப்போன இடத்தை பிளேடால் சுரண்டினார், மின்சார டிரில்லில் ரப்பரைப் பொருத்தி அழித்தார். 1978-79ல் செய்த 'மார்க்' வண்ண முகம். அச்சகத்தில் நிறம் பிரிப்பது போல ஒவ்வொரு நிறத்தையும் தனிப் படலமாக ஏற்ற 14 மாதங்களாயின. கேமராவுக்கு நொடியில் ஒரு துணுக்கு போதுமாயிருந்தது.

இனி மூக்கு. அவருடைய கறுப்பு-வெள்ளை முகங்களில் கண்கள் துல்லியமாக இருக்க, மூக்கு நுனி மங்குகிறது. காதும் தோளும் இன்னும் மங்குகின்றன. எந்த மனிதரையும் நான் இப்படிப் பார்த்ததில்லை. மூக்கைப் பார்க்கும் கணத்தில் கண் மூக்குக்கேற்பத் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. மங்கல் முகத்தில் இல்லை, லென்ஸில் இருக்கிறது. சாதாரண நகல்காரன் இதைத் திருத்தி, தனக்குத் தெரிந்த மூக்கை வரைந்திருப்பான். க்ளோஸ் மயிர்க்கால்களுக்குக் கொடுத்த சிரத்தையை மங்கலுக்கும் கொடுக்கிறார். ஆளுக்கும் நமக்கும் நடுவே ஒரு கருவி உட்கார்ந்திருப்பதை மறைக்க மறுக்கிறார். நம் யதார்த்த நாவல்களின் கோளாறு அவை போட்டோ மாதிரி இருப்பதல்ல. மூக்கு நுனியிலிருந்து பிடரிவரை கதாசிரியனுக்கு எல்லாமே துல்லியமாகத் தெரிந்துவிடுவதுதான்.

(வங்கியில் போட்டோவையும் எதிரே நிற்பவரையும் மாறி மாறிப் பார்ப்பது என் உத்தியோகத்தில் ஒரு பகுதி. போட்டோவை நம்பிவிடுகிறோம், நிரூபிக்க வேண்டியவர் ஆள்தான்.)

க்ளோஸுக்கு முகங்களை அடையாளம் காண முடியாத குறைபாடு இருந்தது. தட்டையான படமாக்கினால்தான் ஒரு முகம் தன் நினைவில் நிற்கும் என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். இதைக் கொண்டே ஓவியங்களை விளக்கிவிடும் போக்கு எனக்கு உவப்பில்லை. ஏன் முகங்களை வரைந்தார் என்பதற்கு அது பதிலாகலாம். மங்கலை ஏன் விட்டுவைத்தார் என்பதற்கு ஆகாது.

போட்டோவையே ஒன்பதடிக்குப் பெரிதாக்கி மாட்டினால் என்ன என்று கேட்கலாம். நெருங்கிப் போனால் அங்கே வெறும் புள்ளிகள்தான் மிஞ்சும். இங்கே நெருங்கினால் தூவியதும் சுரண்டியதுமாக ஒருவர் மாதக்கணக்கில் எடுத்த முடிவுகள் தெரியும். தெரியும் என்று கேள்வி ஞானத்தில்தான் சொல்கிறேன். நான் பார்த்ததெல்லாம் அச்சுப் பிரதிகள். உள்ளங்கை அளவுக்குச் சுருங்கியதும் இந்த ஓவியங்கள் பழையபடி போட்டோவாகிவிடுகின்றன. 1988ல் உடல் முடங்கியபின், 2021ல் இறக்கும்வரை, கையில் தூரிகையைக் கட்டிக்கொண்டு எண்ணெய் வண்ணத்தில் அவர் வரைந்த, நிறச் சுழிகளாலான முகங்கள் அச்சில் மிக நன்றாக வருகின்றன. அதனாலேயே எனக்கு அவற்றின்மேல் கொஞ்சம் சந்தேகம்.