பாடப்படாத அடிகள்

ஆங்கிலத் திருச்சபை திருப்பாடல்களை இருவகையாகப் பாடி வருகிறது. ஒன்று, ‘ஆந்தம்’ எனப்படும் பாடற்குழுப் படைப்பு. இதில் இசையமைப்பாளர் தாம் விரும்பும் அடிகளைத் தெரிந்துகொள்கிறார். மற்றொன்று, ‘ஆங்கிலிக்கன் சான்ட்’ எனும் ஓதுமுறை. நான்கு குரல்களுக்கென அமைந்த சிறியதோர் இசைவடிவம் திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு பாதியடியும் ஒரே சுரக்கூட்டில் ஓதப்பட்டு, இறுதியில் மட்டும் அசைந்து முடியும். முன்னது கலை, பின்னது வெறும் கடமை என்பது பலரது எண்ணம். அவ்வெண்ணம் சரிதானா?

ஹென்றி பர்செல் 1680களின் தொடக்கத்தில் 102ஆம் திருப்பாடலுக்கு எட்டுக் குரல்களில் இசையமைத்தார். ஒரே சுரத்தில் தொடங்கும் மன்றாட்டு சற்றே உயர்ந்து மீண்டும் தாழ்கிறது. குரல்கள் ஒவ்வொன்றாக வந்து சேர, சுரங்கள் ஒன்றோடொன்று மோதி, இறுதியில் பெருங்கதறலாகின்றன. ஏறத்தாழ மூன்று நிமிடங்களே நீளும் அப்படைப்பில் உள்ளது முதல் அடி மட்டுமே. பெரியதொரு படைப்பின் தொடக்கமாக அது இருக்கலாம் என்பர் ஆய்வாளர்.

ஹெர்பர்ட் ஹவல்ஸ் 1941இல், போர்க்காலத்தில், 42ஆம் திருப்பாடலுக்கு இசையமைத்தார். 1935இல் தம் ஒன்பது வயது மகனை இழந்தவர் அவர். நீரோடைக்கு ஏங்கும் மானின் தாகத்தை ஆண்குரல்கள் தொடங்கிவைக்கின்றன. ‘உன் கடவுள் எங்கே?’ என்னும் ஏளனத்தைக் கடந்து, இறைவனின் திருமுன் என்று வந்து நிற்பேன் என்ற வினாவோடு இசை அடங்குகிறது. ஆயின் மூன்றாம் அடிக்கு மேல் அவர் செல்லவில்லை. கடவுளை நம்பியிரு எனத் தன் நெஞ்சுக்குத் தானே சொல்லும் பல்லவி அங்கே பாடப்படுவதில்லை.

இதைக் குறை என்பேனா? மகனை அடக்கம் செய்த தாயொருவரிடம் நம்பிக்கையின் அடிகளை நான் அவசரமாக வாசித்ததுண்டு. அவை அவர் உள்ளத்தை எட்டவில்லை. வினாவோடு நின்றுவிடும் நேர்மையை ஹவல்ஸின் இசையில்தான் பின்னர் உணர்ந்தேன்.

எனினும் அழுகையில் நிற்பது வேறு, அழுகையிலேயே விடப்படுவது வேறு. 1662ஆம் ஆண்டின் பொது மன்றாட்டு நூல், கவர்டேலின் மொழிபெயர்ப்பில் 150 திருப்பாடல்களையும் முப்பது நாள்களுக்குப் பகிர்ந்தளிக்கிறது. எட்டாம் நாள் மாலையில் 42ஐத் தொடர்ந்து 43 வருகிறது. விடுபட்ட அந்தப் பல்லவி மும்முறை ஒலிக்கிறது. இருபதாம் நாள் காலையில், பர்செலின் கதறலுக்கு ஊற்றான 102ஐ அடுத்து, 103இன் புகழ்ச்சி எழுகிறது. சாபங்கள் நிறைந்த 109உம் தன் முறையில் வந்தே தீரும். பாடுவோரின் மனநிலையை அவ்வரிசை கேட்பதில்லை. அதுவே அதன் வலிமை. இன்று பல பேராலயங்களில் இவ்வரிசை சுருக்கப்பட்டுள்ளது என்பது இழப்பே.

நாமும் இதில் குற்றமற்றவர் அல்லர். பொதுச்சங்கத்திற்குப் பின் திருத்தப்பட்ட நம் திருப்புகழ்மாலையில் 58, 83, 109 ஆகிய மூன்று திருப்பாடல்களும் முழுவதுமாக விடப்பட்டுள்ளன. செவிக்கு இனியவற்றை மட்டும் செபிப்போர், சினம் மூண்ட நாளில் எச்சொற்களோடு இறைவன்முன் வருவர்?

ஆந்தம் நாம் நிற்கும் இடத்தில் நம்மோடு நிற்கிறது. எளிய ஓதுமுறையோ நம் கைபிடித்து அடுத்த அடிக்கு அழைத்துச் செல்கிறது. துயருற்றோர்க்கு இரண்டும் வேண்டும்.