மிச்சம் யாருடைய தட்டில்?

தமிழில் 'மிச்சம்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. செலவு போகக் கையில் நிற்கும் காசும் மிச்சம். எல்லோரும் சாப்பிட்டு எழுந்தபின் சட்டியின் அடியில் கிடப்பதும் மிச்சம். முதலாவதைப் பிடிக்கத் தெரிந்த பெண்ணைக் கெட்டிக்காரி என்கிறோம். இரண்டாவது அவளுடைய தட்டுக்கு வருகிறது. வீட்டுச் சிக்கனம் பற்றி நம்மிடையே எழுதப்படுபவை முதல் மிச்சத்தைப் பற்றி மட்டுமே பேசுகின்றன. அது பெரும்பாலும் இரண்டாவதிலிருந்துதான் வருகிறது என்பதே என் வாதம்.

விலைவாசி ஏறும் ஒவ்வொரு முறையும் சிக்கனக் குறிப்புகள் பெருகும். முன்பு பெண்கள் இதழ்களின் இணைப்புப் பக்கங்களில் வந்தன, பிறகு தொலைக்காட்சியின் பிற்பகல் நிகழ்ச்சிகளில், இப்போது கைபேசிக் காணொளிகளில். மாதத் தொடக்கத்தில் பட்டியல் போடுங்கள், மொத்தமாக வாங்குங்கள், கடைக்குக் கடை விலை விசாரியுங்கள், பாக்கெட் மாவை விட்டு வீட்டிலேயே அரையுங்கள், மிஞ்சிய இட்லியை உப்புமா ஆக்குங்கள். இந்தக் குறிப்புகளை ஓர் இலக்கிய வகையாக எடுத்துக்கொண்டு வாசித்துப் பாருங்கள். அவை யாரை அழைக்கின்றன? இல்லத்தரசிகளை, தோழிகளை, சகோதரிகளை. வீட்டு ஆணை அழைத்து நான் பார்த்ததில்லை. விலை ஏன் ஏறியது என்று ஒரு வரி இருக்காது. மழை பெய்வதுபோல விலை தானாக ஏறுகிறது. குடை பிடிக்கத் தெரியாதவள் நனைகிறாள். தப்பு அவளுடையது.

இது புதிய பார்வையும் அல்ல. திருக்குறளில் வாழ்க்கைத் துணைநலம் அதிகாரத்தின் முதல் குறளே, கணவனுடைய வருவாய்க்குத் தக்கபடி வாழ்பவளை நல்ல துணை என்கிறது. வருவாயை மாற்ற முடியாது, அதற்குள் அடங்கிப்போவது மனைவியின் குணம் என்ற எண்ணம் அவ்வளவு பழையது. இன்றைய குறிப்பு எழுதுபவர் அந்தக் குணத்தைத் திறமை என்று பெயர் மாற்றியிருக்கிறார்.

நான் வாழும் அவிநாசியில் வைத்து இந்தக் குறிப்புகளைச் சோதித்துப் பார்க்கிறேன். எங்கள் பக்கத்துக் குடும்பங்களில் பாதிக்கு மேல் திருப்பூர் பனியன் தொழிலையோ, நூல் மில்லையோ நம்பி இருக்கின்றன. பனியன் கம்பெனிகளில் பெரும்பாலும் வாரக் கூலி; சனிக்கிழமை சம்பளம். சனி இரவும் ஞாயிறும் மளிகைக் கடைகளில் கூட்டம் நெரிவது அதனால்தான். வாரக் கூலிக்காரிக்கு 'மாத மளிகையை மொத்தமாக வாங்குங்கள்' என்பது என்ன அறிவுரை? மூட்டை அரிசியும் பதினைந்து கிலோ எண்ணெய் டின்னும் கிலோ கணக்கில் மலிவு என்பது அவளுக்கும் தெரியும். ஒரே நாளில் அவ்வளவு பணமும், வாடகை வீட்டில் மூட்டை வைக்க இடமும்தான் இல்லை. அதனால் கால் கிலோ பருப்பு, நூறு மில்லி எண்ணெய் என்று வாங்கி, ஒரே பொருளுக்கு வசதியுள்ளவளைவிட அதிக விலை கொடுக்கிறாள். குறிப்புப் புத்தகம் இதைச் சிக்கனம் தெரியாமை என்று வாசிக்கிறது. அது வறுமைக்கு விதிக்கப்படும் வரி.

அடுத்தது நேரம். வீட்டிலேயே மாவு அரைத்தால், மசாலா இடித்தால், மூன்று கடை ஏறி இறங்கினால் காசு மிச்சமாவது உண்மை. ஆனால் அந்த மணி நேரங்களை யார் கொடுக்கிறார்கள்? 2024ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, கூலியில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 289 நிமிடங்களைச் செலவிடுகிறார்கள். அந்த வேலையில் கை வைக்கும் ஆண்கள் 88 நிமிடங்கள். கை வைக்காத ஆண்கள் இந்தச் சராசரியில் சேரவே இல்லை. ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு ஒன்பது மணிக்கு வருகிறவள் இருபது ரூபாய் மிச்சம் பிடிக்க அரைமணி நேரத் தூக்கத்தை விற்கிறாள். அதைச் சேமிப்பு என்று சொல்ல முடியாது. அவள் வீட்டுக்காக இன்னொரு ஷிப்ட் பார்க்கிறாள், அதற்குக் கூலி இல்லை.

மூன்றாவது, தட்டு. எங்கள் பக்கம் எந்த வீட்டு அம்மாவிடம் கேட்டாலும் ஒரே பதில்தான்: "எனக்கென்ன கண்ணு, இருக்கறத உண்டுக்குவேன்." முட்டை விலை ஏறினால் யாருடைய முட்டை முதலில் நிற்கும் என்று எந்த வீட்டிலும் கூடிப் பேசி முடிவெடுப்பதில்லை. பேசாமலே நின்றுவிடுகிறது. 2019–21இல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதே வயது ஆண்களில் 25 சதவீதம். பள்ளி மதிய உணவுக்குப் பேர்போன தமிழ்நாட்டிலேயே பெண்களில் 53.4 சதவீதம். மாதவிடாயும் பிரசவமும் இதற்குக் காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் இரும்புச்சத்து அதிகம் வேண்டிய உடம்புக்குத்தான் கீரையும் முட்டையும் கறியும் கடைசியாகப் போகின்றன. குடும்பத்தின் சிக்கனம் வரவு செலவு நோட்டில் வரவாகப் பதிகிறது. அவளுடைய ரத்தத்தில் கடனாக ஏறுகிறது.

அப்படியானால் சிக்கனமே கூடாதா என்று கேட்கலாம். கொங்குப் பெண்களின் கைப்பக்குவத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. கொள்ளுப் பருப்பும், கம்மஞ்சோறும், ஒரே பானையில் வெந்துவிடும் அரிசிம்பருப்புச் சாதமும், சின்ன வெங்காயம் மலிந்த மாதத்தில் போட்டு வைக்கும் வடகமும் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த அறிவு. பருவத்தில் விளைவதைப் பருவத்தில் உண்பது இன்றைக்கும் நல்ல யோசனைதான். ஆனால் அந்த அறிவு குதிரும் தோட்டமும் உள்ள வீட்டில் ஒரு விதமாக வேலை செய்தது, அந்தத் தோட்டத்தில் கூலிக்குக் களை வெட்டியவள் வீட்டில் வேறு விதமாக. முன்னவளுடைய சிக்கனத்தைப் பெருமையாகப் பேசுகிறோம். பின்னவளுடைய பட்டினியையும் அதே சொல்லால் குறித்து மறைத்துவிடுகிறோம்.

விலைவாசியைச் சமையலறைக்கு வெளியே வைத்துப் பேசிய வரலாறும் நமக்கு உண்டு. 1967 தேர்தலில் அரிசிப் பஞ்சம் ஓர் ஆட்சியை மாற்றியது. ரூபாய்க்கு மூன்று படி இலக்கு, ஒரு படி உறுதி என்று சொல்லி வந்த தி.மு.க., அந்த ஒரு படியை முதலில் சென்னையிலும் கோவையிலும் கொடுத்தது. அவிநாசி அன்று கோவை மாவட்டம். 1972–73இல் பம்பாயில் மிருணாள் கோரேயும் அகல்யா ரங்கனேக்கரும் முன்னின்ற விலைவாசி எதிர்ப்புப் பெண்கள் முன்னணி, தட்டையும் பூரிக்கட்டையையும் தெருவுக்குக் கொண்டுவந்தது. சர்க்கரை, எண்ணெய், மண்ணெண்ணெய் கேட்டுப் பெண்கள் ஆயிரக்கணக்கில் தட்டைத் தட்டிக்கொண்டு ஊர்வலம் போனார்கள். கட்சி வேறான பெண்களும் அதில் ஒன்றாக நின்றார்கள். சிக்கனமாக இருங்கள் என்று அவர்களிடம் யாரும் சொல்லத் துணிந்திருக்க மாட்டார்கள்.

அண்மைக்காலத்திலும் ஒரு சான்று உண்டு. 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது, தக்காளி இல்லாமல் குழம்பு வைக்கும் முறைகள் குவிந்தன. அதே மாதம் தமிழக அரசு சென்னை ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்குத் தக்காளி விற்கத் தொடங்கி, பிறகு மற்ற மாவட்டங்களிலும் சில கடைகளுக்கு விரித்தது. அளவு போதாது, எல்லா ஊருக்கும் வரவில்லை. ஆனாலும் புளியைக் கூடக் கொஞ்சம் கரையுங்கள் என்பதும், விலையைக் குறைத்துக் கொடு என்பதும் இரண்டு வேறு அரசியல். 2011 முதல் இலவசமாகிவிட்ட ரேஷன் அரிசியும், 2007 முதல் மலிவு விலையில் கிடைக்கும் துவரம்பருப்பும், பாமாயிலும் இரண்டாவது அரசியலின் விளைச்சல். பத்தாயிரம் சிக்கனக் குறிப்புகள் செய்யாததை ஒரு ரேஷன் கடை செய்கிறது. அந்தக் கடையில் பருப்பு வரவில்லை என்று கேட்டுச் சண்டை போடுகிற பெண்ணைத்தான் நாம் வாயாடி என்கிறோம்.

2023 செப்டம்பரில் வந்த மாதம் ஆயிரம் ரூபாய்த் தொகைக்கு 'மகளிர் உரிமைத் தொகை' என்று பெயர் வைத்தது முக்கியமான காரியம். உதவி என்றோ சலுகை என்றோ சொல்லாமல் உரிமை என்றார்கள். ஆனால் விலை ஏறும்போது தானாக ஏறும் ஏற்பாடு அதற்கு இல்லை. அரசு ஊழியருக்கு விலைவாசிக் குறியீட்டைப் பார்த்து ஆண்டுக்கு இரண்டு முறை அகவிலைப்படி கணக்கிடுகிறார்கள். பனியன் தொழிலாளிக்குக்கூட ஒப்பந்தத்தில் பஞ்சப்படி என்று ஓர் இனம் இருக்கிறது. விலை ஏறினால் கூலியும் ஏறவேண்டும் என்பதைப் போராடி நிறுவிய சொல் அது. வீட்டுச் சமையலறைக்கு மட்டும் பஞ்சப்படி கிடையாது. கணவன் வீட்டுச் செலவுக்கு எண்ணிக் கொடுக்கும் தொகை போன வருடத்துத் தொகையாகவே இருக்கும். விலைக்கும் அந்தத் தொகைக்கும் நடுவே உள்ள பள்ளத்தை அவள் தன் நேரத்தாலும் வயிற்றாலும் நிரப்புகிறாள்.

ஆகவே மாணவிகளுக்கும் தோழிகளுக்கும் நான் சொல்வது இதுதான். அடுத்த முறை ஒரு சிக்கனக் குறிப்பைப் பார்த்தால் மூன்று கேள்வி கேளுங்கள். இதைச் செய்யும் நேரம் யாருடையது? இதனால் குறையும் உணவு யாருடைய தட்டில் இருந்தது? இதை ஏன் பெண்ணிடம் மட்டும் சொல்கிறார்கள்? வீட்டு வரவு செலவு நோட்டில் காசுக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு பத்தி போடுங்கள்: எத்தனை மணி நேரம், யார் என்ன சாப்பிட்டார்கள். ஒரு மாதம் எழுதி, வீட்டில் எல்லோரும் இருக்கும்போது சத்தமாக வாசியுங்கள். வீட்டுச் செலவுக்குப் பஞ்சப்படி கேட்க அந்த நோட்டே ஆதாரம்.