குமாஸ்தாவின் மேசையில் தொடங்கும் பாதுகாப்பு

ராயப்பேட்டை நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே பிரியும் தெருக்களில் சின்னச் சின்ன வக்கீல் அலுவலகங்களுக்குக் குறைவில்லை. கணவனிடம் அடிபட்ட பெண் அங்கே படியேறினால், முதலில் அவளிடம் பேசுகிறவர் வழக்கறிஞராக இருப்பது அபூர்வம். பகலில் அவர் கோர்ட்டில் இருப்பார். அலுவலகத்தில் இருப்பது குமாஸ்தா, அல்லது தட்டச்சு வேலை பார்க்கும் பெண். "உட்காருங்கம்மா, சார் சாயங்காலம்தான் வருவாங்க. பேப்பர் ஏதாவது கொண்டுவந்திருக்கீங்களா?" என்ற கேள்வியில்தான் பெரும்பாலான குடும்ப வன்முறை வழக்குகள் தொடங்குகின்றன.

முதல் விசாரிப்பு, படிவம் நிரப்புவது, பிரமாணப் பத்திரம் அடிப்பது, கவுன்ட்டரில் தாக்கல் செய்வது, வாய்தா தேதி சொல்வது, உத்தரவு நகல் வாங்கிவருவது என இத்தனையையும் அலுவலக உதவியாளரிடம் விட்டுவிடுவது சென்னை வக்கீல் தொழிலில் தலைமுறைகளாக இருக்கும் ஏற்பாடு. காசோலை வழக்கில் இதைப் பற்றி யாரும் தனியாக யோசிக்க வேண்டியதில்லை. குடும்ப வன்முறை வழக்கில் அப்படி இருக்க முடியாது. ஒரு தாள் தாமதமானால் அந்தப் பெண் அன்றிரவும் அதே வீட்டில் படுக்க வேண்டியிருக்கும். ஒரு தாள் தவறான கைக்குப் போனால் அவள் தங்கியிருக்கும் இடம் தெரிந்துவிடும். அதனால்தான் இந்த ஏற்பாட்டை எடைபோட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. இது காப்பாற்ற வேண்டிய வழக்கம் என்பதே என் கருத்து. ஆனால் இன்று அது தனிமனிதர்களின் நல்ல மனதை மட்டுமே நம்பி நடக்கிறது. முறையான பணியாகவும் பயிற்சியாகவும் சம்பளமாகவும் அது மாறாதவரை, அதன் குறைகளுக்கு விலை கொடுப்பவர்கள் அந்தப் பெண்கள்தான்.

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005இல் இயற்றப்பட்டு, 2006 அக்டோபர் 26 அன்று நடைமுறைக்கு வந்தது. உடனே காப்பதுதான் அதன் உயிர்நாடி. மனு வந்து சாதாரணமாக 3 நாட்களுக்குள் முதல் விசாரணை நடக்க வேண்டும். நோட்டீஸை 2 நாட்களுக்குள், அல்லது நடுவர் அனுமதிக்கும் நியாயமான கால அவகாசத்துக்குள் எதிர்மனுதாரரிடம் சேர்க்க வேண்டும். முதல் விசாரணையிலிருந்து 60 நாட்களுக்குள் மனுவை முடிக்க நடுவர் முயல வேண்டும். அவசரம் என்றால் 23ஆம் பிரிவின்படி, பிரமாணப் பத்திரத்தை மட்டும் படித்துப் பார்த்து ஒருதலைப்பட்சமாகவே இடைக்கால உத்தரவு தரலாம். அந்தக் கட்டத்தில் நடுவருக்கு முன்னால் இருப்பது அவள் பெயரில் தட்டச்சான நாலைந்து தாள்கள் மட்டுமே. அவற்றைத் தட்டச்சு செய்தவர் எவ்வளவு கவனமாகக் கேட்டார் என்பதைப் பொறுத்தே அவளுக்குக் கிடைக்கும் பாதுகாப்பும் அமைகிறது.

தேவை எவ்வளவு பெரியது என்பதையும் மறக்கக் கூடாது. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் திருமணமான 18 முதல் 49 வயதுப் பெண்களில் சுமார் 38 விழுக்காட்டினர் கணவனின் வன்முறைக்கு ஆளாகியிருக்கிறார்கள். இந்திய அளவில், வன்முறைக்கு ஆளான பெண்களில் யாரிடமாவது உதவி கேட்டவர்கள் 14 விழுக்காடுதான். வாசல்வரை வந்துவிட்ட பெண் அந்தச் சிறுபான்மையில் ஒருத்தி. அவளைத் திருப்பி அனுப்பினால் இன்னொரு முறை வருவாளா என்பது நிச்சயமில்லை.

இந்த ஏற்பாட்டின் முதல் பலம் வழி தெரிந்திருப்பது. ஒரு பெண்ணின் வழக்குக் கட்டு ஊரெங்கும் சிதறிக் கிடக்கிறது. காயத்துக்குச் சிகிச்சை எடுத்தது ராயப்பேட்டை அரசு மருத்துவமனையில் என்றால், விபத்துப் பதிவேட்டின் நகலான ஏ.ஆர். காப்பி அங்கே. புகார் கொடுத்தது மகளிர் காவல் நிலையத்தில் என்றால், புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது அங்கே. தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் 1992இல் திறக்கப்பட்டது பக்கத்திலிருக்கும் ஆயிரம் விளக்கில்தான். இந்தச் சட்டப்படி நியமிக்கப்படும் பாதுகாப்பு அலுவலரோ சமூக நலத்துறையின் கீழ் மாவட்ட அளவில் இருப்பவர். எழும்பூர், சைதாப்பேட்டை என்று நீதிமன்றம் வேறொரு திசையில். கைக்குழந்தையோடு, கையில் பஸ் காசு மட்டும் வைத்திருக்கும் பெண்ணுக்கு இந்தச் சுற்று முடியாத காரியம். எந்த அறையில் எந்த நேரத்தில் யாரைப் பார்க்க வேண்டும் என்று அறிந்தவர் குமாஸ்தா.

வழி தெரிந்திருப்பது சட்டத்தின் நுணுக்கத்தையும் சேர்த்தே. இந்தச் சட்டத்துக்கான 2006ஆம் ஆண்டு விதிகளின் 17ஆம் விதிப்படி, வன்முறைக்கு ஆளான பெண்ணுக்குச் சிகிச்சை தரும் மருத்துவமனை மருத்துவ அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும். பாதுகாப்பு அலுவலரின் அறிக்கையான டி.ஐ.ஆர். வராமல் மனுவை எடுக்க முடியாது என்ற பேச்சு நீதிமன்ற வட்டாரங்களில் நெடுநாள் இருந்தது. பிரபா தியாகி வழக்கில் 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாக்கிவிட்டது: அறிக்கை வந்திருந்தால் நடுவர் அதைக் கருத்தில் கொள்ள வேண்டும், வராவிட்டாலும் உத்தரவு பிறப்பிக்கலாம். இதை அறிந்த குமாஸ்தா, மனு ரிட்டர்ன் ஆகும்போது அந்தத் தீர்ப்பைக் குறிப்பிட்டு அன்றே மறுபடி தாக்கல் செய்ய வைப்பார். அறியாதவர் கட்டைத் தூக்கிக்கொண்டு திரும்பி வருவார்.

இரண்டாவது பலம், உட்கார்ந்து கேட்க நேரம் இருப்பது. விதிகளின் முதல் படிவத்தை எடுத்துக்கொள்வோம். உடல் வன்முறை, பாலியல் வன்முறை, வார்த்தையாலும் மனதாலும் தரும் துன்பம், பொருளாதார வன்முறை என்று அது வரிசையாகக் கேட்டுக்கொண்டே போகும். பொருளாதார வன்முறையின் கீழ், சாப்பாடு, துணி, மருந்துக்குப் பணம் தராதது, சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வது, சீதனத்தை விற்பது அல்லது அடகு வைப்பது, வாடகை கட்டாதது, கரண்ட் பில் கட்டாதது என்று சின்னச் சின்ன வரிகள். "அடிச்சாரா?" என்று மட்டும் கேட்டால் பல பெண்கள் "எப்பவாவதுதான்" என்று முடித்துவிடுவார்கள். இந்தப் பட்டியலைப் பொறுமையாக ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினால், "கரண்ட் பில்லை அவர் கட்டாம விட்டு ஃபியூஸைப் பிடுங்கிட்டாங்க, இதுகூடச் சேருமா?" என்று கேட்பாள். சேரும். தனக்கு நடந்ததற்கெல்லாம் சட்டத்தில் இடம் இருக்கிறது என்று அவளுக்குப் புரிவது அந்த நிமிடத்தில்தான். அடுத்த கோர்ட்டுக்கு ஓடும் வழக்கறிஞரால் இந்தப் பக்கத்துக்கு ஒரு மணி நேரம் கொடுக்க முடிவதில்லை. எதிரே உட்கார்ந்து எழுதுகிற பெண்ணால் முடியும்.

மூன்றாவது, உத்தரவுக்குப் பிறகான வேலை. பாதுகாப்பு உத்தரவு கிடைத்ததும் வழக்கு பாதி வெற்றி என்று நினைக்கிறோம். அந்த உத்தரவு காவல் நிலையத்தில் இல்லையென்றால் இரவு பத்து மணிக்குக் கதவு தட்டப்படும்போது அதனால் பயனில்லை. 24ஆம் பிரிவின்படி, உத்தரவின் நகலை மனுவின் தரப்பினருக்கும், அந்தப் பகுதிக் காவல் நிலைய அதிகாரிக்கும் இலவசமாகத் தர வேண்டும். பாதுகாப்பு உத்தரவை மீறினால் 31ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அந்தப் பிரிவு வேலை செய்ய வேண்டுமானால் நகல் போய்ச்சேர்ந்த நாளும் வாங்கியவரின் கையெழுத்தும் கோப்பில் இருக்க வேண்டும். நல்ல குமாஸ்தா அன்று மாலையே நகலோடு நிலையத்துக்குப் போய், ஒப்புகைக் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்குப் போவார். எந்தத் தீர்ப்பிலும் அவர் பெயர் வராது. ஆனால் அந்தப் பெண்ணின் இரவு பத்திரமாகக் கழிந்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

இந்தப் பலங்களே கவனிப்பாரின்றி விடப்படும்போது குறைகளாகின்றன. மோசமான குறை, பழைய மனுவை எடுத்துப் பெயரை மாற்றி அடிப்பது. 'தினமும் குடித்துவிட்டு வந்து அடித்து உதைத்து' என்ற வரி ஒரு கோப்பிலிருந்து இன்னொரு கோப்புக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. கணவன் குடிக்காதவனாக இருந்தால் குறுக்கு விசாரணையில் அந்த ஒரு வரி மற்ற உண்மைகளையும் சந்தேகத்துக்குள்ளாக்கிவிடும். மாமனார், மாமியார், நாத்தனார், வெளியூரில் இருக்கும் கொழுந்தன் என்று எல்லோரையும் பழக்கத்தில் எதிர்மனுதாரராகச் சேர்ப்பதும் இதே கோளாறுதான். ஆளுக்கொரு நோட்டீஸ் போய்ச்சேர்வதற்குள் மாதங்கள் ஓடிவிடும். இவை உரிமையியல் தன்மை கொண்ட நடவடிக்கைகள், எதிர்மனுதாரர்கள் குற்றம் சாட்டப்பட்டவர்கள் அல்லர், அவர்களுக்குச் சம்மன் அனுப்பாமல் விதிகளில் உள்ள ஏழாம் படிவப்படி நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜனவரியில் சொன்னார். அலுவலகக் கணினியில் சேமித்த மாதிரி மனுவுக்கும் இந்தத் தீர்ப்பு எட்டியிருக்கிறதா என்று ஒவ்வொரு வழக்கறிஞரும் திறந்து பார்க்க வேண்டும்.

இரண்டாவது குறை ரகசியம் காக்காதது. மனுவின் தலைப்பில் மனுதாரரின் முகவரியை முழுதாக எழுதுவது வழக்கம். அந்த நகல் நேராகக் கணவன் கைக்குப் போகும். அவனுக்குத் தெரியாமல் அவள் அக்கா வீட்டிலோ விடுதியிலோ தங்கியிருந்தால், நாமே வழி காட்டியதாகிவிடும். அறிவிப்புகளுக்கான முகவரியாக வழக்கறிஞரின் அலுவலகத்தைக் காட்டும் வாசகம் சென்னை மனுக்களில் காலங்காலமாக இருப்பதுதான். நீதிமன்ற எல்லையைக் காட்டவும் அவள் இப்போது தங்கியிருக்கும் இடத்தைத்தான் எழுத வேண்டும் என்பதில்லை. எதிர்மனுதாரர் குடியிருக்கும் இடமோ சம்பவம் நடந்த இடமோ போதும் என்று 27ஆம் பிரிவு சொல்கிறது. பழக்கத்தில் கைபோகிற போக்கில் அடிப்பவருக்கு இது தோன்றாது. அவளுடைய போனைக் கணவனும் எடுத்துப் பார்ப்பான் என்று யோசிக்காமல் வாய்தா தேதியை வாட்ஸ்அப்பில் அனுப்புவது, தெரு முனை ஜெராக்ஸ் கடையில் கட்டை விட்டுவிட்டு டீ குடிக்கப் போவது, எதிர்த் தரப்புக் குமாஸ்தாவோடு கோர்ட் வாசலில் பேச்சுவாக்கில் எதையாவது சொல்லிவிடுவது எல்லாம் இந்த வகைதான். வழக்கறிஞரைக் கட்டுப்படுத்தும் ரகசியக் காப்பு அவருடைய குமாஸ்தாவுக்கும் பொருந்தும் என்று 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டமே 127ஆம் பிரிவில் சொன்னது. இன்றைய சாட்சியச் சட்டத்திலும் அது தொடர்கிறது. வேலைக்குச் சேரும் அன்று இதை உட்காரவைத்துச் சொல்லும் அலுவலகங்கள் எத்தனை?

மூன்றாவது குறை, எல்லை தாண்டிய அறிவுரை. "ரெண்டு பிள்ளைங்க இருக்கு, கொஞ்சம் அனுசரிச்சுப் போலாமேம்மா" என்று குமாஸ்தா அக்கறையோடுதான் சொல்வார். ஏற்கெனவே தயங்கித் தயங்கி வந்தவளுக்கு அது தீர்ப்புப்போலக் கேட்கும். தெரியாமல் தரும் தொழில்நுட்ப யோசனையும் இதில் சேரும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி, மின்னணுப் பதிவின் நகலைத் தாக்கல் செய்யச் சான்றிதழ் வேண்டும். மிரட்டல் குரல்பதிவைப் பென் டிரைவில் ஏற்றிவிட்டு "பழைய போன் வேண்டாம்மா, மாத்திடுங்க" என்று சொல்லிவிட்டால், மூலச் சான்று கைநழுவிவிடும்.

இத்தனை குறைகளையும் குமாஸ்தாவின் தலையில் கட்டுவது நியாயமாகாது. அரசு செய்ய வேண்டிய வேலையைத்தான் அவர் செய்துகொண்டிருக்கிறார். டி.ஐ.ஆர். எழுதுவது, பாதுகாப்புத் திட்டம் தயாரிப்பது, நோட்டீஸ் சேர்ப்பது, இலவசச் சட்ட உதவிக்கு வழிசெய்வது எல்லாம் சட்டப்படி பாதுகாப்பு அலுவலரின் பொறுப்பு. இந்தச் சட்டம் எப்படி நடக்கிறது என்று 2007 முதல் ஆண்டுதோறும் ஆராய்ந்த லாயர்ஸ் கலெக்டிவ் அமைப்பின் அறிக்கைகள், அந்தப் பதவியைப் பல மாநிலங்களில் கூடுதல் பொறுப்பாகவே தருகிறார்கள் என்று சுட்டிக்காட்டின. போதுமான பாதுகாப்பு அலுவலர்களை நியமிக்கும்படி 2025 மே மாதத்திலும் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட வேண்டியிருந்தது. அந்த இடைவெளியை அடைப்பவர், கட்சிக்காரர் தரும் குமாஸ்தா ஃபீஸை நம்பி வாழ்பவர். இந்த வழக்குகளில் கட்சிக்காரரிடம் காசே இருக்காது. நாள்தோறும் இத்தகைய கதைகளைக் கேட்டுத் தட்டச்சு செய்யும் பெண்ணின் மனபாரத்தை விசாரிக்கவும் ஆளில்லை.

வேறு வழி இருக்கிறது. 1984இல் டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் மும்பை காவல் துறையோடு சேர்ந்து பெண்களுக்கான சிறப்புப் பிரிவைத் தொடங்கியது. காவல் துறை வளாகத்திலேயே பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர்கள் உட்கார்ந்து கேட்டார்கள், எழுதினார்கள், பின்தொடர்ந்தார்கள். இன்னும் பொருத்தமான முன்மாதிரி நம் சட்ட உதவி அமைப்பிலேயே இருக்கிறது. தேசியச் சட்டப் பணிகள் ஆணையக் குழு 2022இல் கொண்டுவந்த சட்ட உதவிப் பாதுகாப்பு வழக்கறிஞர் திட்டத்தில், குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக முழுநேர வழக்கறிஞர்களோடு அலுவலக உதவியாளர், வரவேற்பாளர், தரவு உள்ளீட்டாளர் பணிகளுக்கும் சம்பளத்தோடு இடம் உண்டு. அது நல்ல திட்டம். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 12ஆம் பிரிவில், வருமான வரம்பு பார்க்காமல் எல்லாப் பெண்களுக்கும் இலவசச் சட்ட உதவி உரிமை தந்திருக்கிறது. அந்த உரிமையைத் தேடி வரும் பெண்ணுக்குக் கிடைப்பதோ குழு வழக்கறிஞர் ஒருவர். அவருக்கான குமாஸ்தாவை அவரே தேடிக்கொள்ள வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவரின் வழக்குக்கு அலுவலகம் இருக்கிறது, அடிபட்டவளின் மனுவுக்கு இல்லை என்ற நிலை நீடிக்கக் கூடாது.

கோரிக்கைகள் பெரியவை அல்ல. குடும்ப வன்முறை வழக்குகளுக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையக் குழுவின் கீழ் சம்பளத்தோடு ஆவண உதவியாளர்களை நியமிக்கலாம். சென்னையில் ராயப்பேட்டைபோல அரசு மருத்துவமனையும் மகளிர் காவல் நிலையமும் அருகருகே இருக்கும் பகுதியில் இதைத் தொடங்குவது எளிது. எந்த நேரத்தில், எந்த எண்ணில் அழைக்கலாம், எந்த முகவரியைத் தாளில் காட்டக் கூடாது என்று முதல் சந்திப்பிலேயே கேட்டு எழுதும் பழக்கத்தை ஒவ்வொரு அலுவலகமும் இன்றே தொடங்கலாம். மாதிரி மனுவிலிருந்து சம்பவப் பத்திகளை நீக்கிவிட்டு, அந்த இடத்தில் அவள் சொன்னதை அவள் சொன்னபடி எழுதலாம். கீழமை நீதிமன்றங்களில் தமிழில் மனுச் செய்ய இடமிருக்கும்போது, அவள் படித்துப் பார்த்துக் கையெழுத்திடும் தமிழிலேயே அது இருக்கலாம். வக்கீல் சங்கங்கள் குமாஸ்தாக்களுக்கு ஆண்டுக்கு ஓரிரு நாள் பயிற்சி நடத்தலாம்.

வழக்கறிஞரின் வாதமும் நடுவரின் உத்தரவும் எவ்வளவு முக்கியமோ, அவற்றுக்கு முன்னும் பின்னும் நடக்கும் இந்த வேலையும் அவ்வளவு முக்கியம். 3 நாள், 60 நாள் என்று சட்டம் கொடுத்த வாக்கை நிறைவேற்றும் பொறுப்பில் பாதி இந்த மேசையில் இருக்கிறது. அதைச் செய்பவருக்கு உரிய பயிற்சியும் மரியாதையும் ஊதியமும் கொடுப்பது, அந்தப் பெண்ணுக்குச் சட்டம் ஏற்கெனவே தந்த உரிமையை அவள் கையில் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான்.