'அளவுத்திருத்தம்' என்னும் கலைச்சொல்லின் போதாமை: ஒளி அலைநீள அளவிகளை முன்வைத்து ஒரு திறனாய்வு

முன்னுரை

கருவியியல் சார்ந்த தமிழ் எழுத்துகளில் 'கேலிபரேஷன்' என்பதற்கு இணையாக 'அளவுத்திருத்தம்' என்னும் சொல் பரவலாக வழங்குகிறது. ஒரு கலைச்சொல்லின் தகுதியை அதன் எளிமையையோ வழக்குப் பரவலையோ கொண்டு மட்டும் மதிப்பிட இயலாது. தான் சுட்டும் செயலை அதனோடு நெருங்கிய பிற செயல்களிலிருந்து அது பிரித்துக் காட்டுகிறதா என்பதும் பார்க்கப்பட வேண்டும். இந்நோக்கில் 'அளவுத்திருத்தம்' குறையுடைய சொல் என்பதையும், அக்குறை அளவீட்டுப் பதிவுகளின் நம்பகத்தன்மையைப் பாதிக்கக்கூடியது என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. ஒளியின் அலைநீளத்தை அளக்கும் கருவிகள் இதற்குச் சான்றாகக் கொள்ளப்படுகின்றன.

சொல்லும் செயலும்

பன்னாட்டு அளவையியல் சொல்லடைவு கேலிபரேஷனை இரு படிகளாக வரையறுக்கிறது. அறியப்பட்ட தரமதிப்புக்கும் கருவி காட்டும் அளவுக்கும் உள்ள உறவை, ஐயப்பாட்டு எல்லையுடன் நிறுவுவது முதற்படி. அவ்வுறவைக் கொண்டு கருவியின் காட்டலிலிருந்து அளவீட்டு முடிவைப் பெறும் வழியை நிறுவுவது இரண்டாம் படி. இச்செயலைக் கருவியைச் சரிப்படுத்துவதோடு குழப்பக்கூடாது என அச்சொல்லடைவே எச்சரிக்கிறது. ஆகவே, கேலிபரேஷன் நிகழும்போது கருவியில் எதுவும் மாறவேண்டியதில்லை. கருவியைப் பற்றிய நமது அறிவே மாறுகிறது. பொன்னை உரைகல்லில் உரைத்துப் பார்ப்பவர் அதன் மாற்றை அறிகிறார், மாற்றை உயர்த்துவதில்லை.

'திருத்தம்' என்னும் சொல்லோ பிழையை நீக்குதல், செம்மைப்படுத்துதல் ஆகிய பொருள்களையே தமிழ் வாசகர் மனத்தில் எழுப்புகிறது. எனவே, 'அளவுத்திருத்தம் செய்யப்பட்டது' என்னும் தொடரைப் படிப்பவர், கருவியின் பிழை நீக்கப்பட்டுவிட்டது என்றே கொள்வர். மூலச்சொல் விலக்கிய பொருளை மொழிபெயர்ப்புச் சொல் உள்ளே கொண்டுவந்துவிடுகிறது.

ஆய்வகச் சான்று

கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தின் நிறமாலைமானிச் சோதனை இவ்வேறுபாட்டை நன்கு காட்டும். தொலைநோக்கியை இணைகதிர்களுக்கு அமைப்பதும் மேடையை மட்டப்படுத்துவதும் சரிப்படுத்தல். அதன்பின் சோடிய விளக்கின் 589.3 நானோமீட்டர் ஒளியைக் கொண்டு, கீற்றணியில் ஒரு மீட்டருக்கு எத்தனை கோடுகள் உள்ளன எனக் கணக்கிடுவது கேலிபரேஷன். இம்மதிப்பைக் கொண்டே பாதரசத்தின் 435.8, 546.1 நானோமீட்டர் வரிகள் அளக்கப்படுகின்றன. இரண்டாம் படியில் மாணவர் கருவியின் எந்தத் திருகையும் தொடுவதில்லை. தொட்டால் பெற்ற மதிப்பு பயனற்றுப் போகும். அங்குலத்திற்கு 15,000 கோடுகள் கொண்ட கீற்றணியில், முதல் வரிசையில், கோணத்தில் ஒரு கலை பிழைத்தால் அலைநீளம் ஏறத்தாழ 0.5 நானோமீட்டர் பிழைபடும். சோடியத்தின் இரட்டை வரிகளுக்கு இடையிலான தொலைவே 0.6 நானோமீட்டர்தான்.

வரலாற்றுச் சான்று

ஹென்றி ரோலண்டு 1895 முதல் 1897 வரை வெளியிட்ட சூரிய நிறமாலை அட்டவணை ஏறத்தாழ 20,000 வரிகளின் அலைநீளங்களைத் தந்தது. மைக்கல்சன் 1892-93இல் காட்மியத்தின் சிவப்பு வரியை மீட்டருடன் ஒப்பிட்டு அளந்திருந்தார். ஃபாப்ரி, பெரோ ஆகியோரின் குறுக்கீட்டுமானி அளவீடுகளும் சேர்ந்தபோது, ரோலண்டின் மதிப்புகள் சோடிய வரிப் பகுதியில் ஏறத்தாழ 0.2 ஆங்ஸ்ட்ராம் மிகுதியாக இருப்பது தெரியவந்தது. இம்மிகுதி நிறமாலை முழுவதும் ஒரே விகிதத்தில் அமையாததால் ஒற்றைப் பெருக்கெண்ணால் அட்டவணையைச் சீராக்க இயலவில்லை. 1907இல் காட்மிய வரியின் அலைநீளம் 6438.4696 ஆங்ஸ்ட்ராம் என ஏற்கப்பட்டது. ரோலண்டு அட்டவணையின் திருத்தப் பதிப்பு 1928இல் வெளிவந்தது. இங்கே ஒப்பீட்டிற்கும் திருத்தத்திற்கும் இடையே ஆண்டுகள் பல கடந்துள்ளன. பழைய எண்கள் அழிக்கப்படாமல் இருந்தமையாலேயே பிற்காலத் திருத்தம் கைகூடியது.

பழுதும் பிறழ்வும்

மைக்கல்சன் வகை அலைநீள அளவி, அறியப்பட்ட ஹீலியம்-நியான் லேசரையும் அளக்கப்படும் ஒளியையும் ஒரே பாதையில் செலுத்தி, இரண்டின் குறுக்கீட்டுப் பட்டைகளை எண்ணி விகிதம் காண்கிறது. லேசர்க் குழாய் வலுவிழப்பது பழுது, குழாயை மாற்றவேண்டும். இரு கற்றைகளும் இணையாக அமையாதது பிறழ்வு, சரிப்படுத்தவேண்டும். கற்றைகளுக்கு இடையில் ஒரு மில்லிரேடியன் கோணம் இருப்பின் விகிதத்தில் இருபது இலட்சத்தில் ஒரு பங்கு பிழை நேரும். பட்டைகள் வழக்கம்போல் எண்ணப்படுவதால் இப்பிழை வெளியே தெரியாது. அசெட்டிலீன் வளிமத்தின் உட்கவர் வரிகள் போன்ற தரத்துடன் ஒப்பிட்டாலன்றிப் புலப்படாது.

பழுதும் பிறழ்வும் இல்லாமலே முரண் தோன்றுவதும் உண்டு. 1550 நானோமீட்டர் பகுதியில் வெற்றிட அலைநீளத்திற்கும் காற்றில் உள்ள அலைநீளத்திற்கும் வேறுபாடு ஏறத்தாழ 0.42 நானோமீட்டர். ஒளியிழைத் தொடர்பில் 100 கிகாஹெர்ட்ஸ் இடைவெளி கொண்ட தடங்கள் 0.8 நானோமீட்டர் தொலைவில் அமைவன. கருவி எந்த அலைநீளத்தைக் காட்டுமாறு அமைக்கப்பட்டுள்ளது என்பதை நோக்காதவர், நலமுடன் உள்ள கருவியைப் பிரித்துப் பார்க்க நேரும்.

இவை அனைத்தையும் 'அளவுத்திருத்தம்' என்னும் ஒரே சொல்லில் அடக்கினால், பராமரிப்பேடு தன் பயனை இழக்கிறது. கருவி வந்த நிலையில் காட்டிய பிழையைக் குறிக்காமல் சரிப்படுத்திவிட்டால், அதற்கு முன் அக்கருவியால் பெற்ற அளவீடுகளை மறுமதிப்பீடு செய்ய வழியில்லை. பழுதுநீக்கிய பின் மீண்டும் ஒப்பிடாவிடில் பழைய சான்றிதழும் செல்லாது. 'திருத்தியாயிற்று' என எழுதும் ஏடு இவ்விரண்டையும் கேட்பதில்லை.

மாற்றுச் சொற்கள்

கேலிபரேஷனுக்குத் 'தரஒப்பீடு', கருவியை இசைவிப்பதற்குச் 'சரிப்படுத்தல்', கேட்டை நீக்குவதற்குப் 'பழுதுநீக்கல்', வரையறைக்குள் உள்ளதா என ஆராய்வதற்குச் 'சரிபார்ப்பு' எனக் கொள்ளலாம். 'திருத்தம்' என்பதை ஒப்பீட்டால் பெற்று அளவீட்டுடன் கூட்டும் அல்லது கழிக்கும் மதிப்புக்கு ஒதுக்கலாம்.

வழக்கில் நிலைத்த சொல்லை மாற்றுவது குழப்பம் விளைக்கும் என்பது ஏற்கத்தக்க மறுப்பே. 'தரஒப்பீடு' என்பதும் கருவியின் காட்டலிலிருந்து முடிவைப் பெறும் இரண்டாம் படியை வெளிப்படையாகக் காட்டவில்லை. எனினும் நடவாத செயலை நடந்ததாகக் காட்டும் குறை அதனிடம் இல்லை. பழைய சொல்லையே கைக்கொள்வோர், கருவியில் மாற்றம் செய்வதை அது குறிக்காது என்னும் வரையறையையேனும் உடன்தரல் வேண்டும்.

முடிவுரை

கலைச்சொல்லாக்கத்தில் மூலச்சொல்லுக்கு ஓர் இணையைத் தேடுவதோடு பணி முடிவதில்லை. அச்சொல் எவற்றிலிருந்து வேறுபடுத்தப்படுகிறதோ அவற்றுக்கும் உடன் சொற்கள் அமைய வேண்டும். தனித்தனிச் சொற்களாக அல்லாமல் தொகுதிகளாகக் கலைச்சொற்களை ஆராய்வதே அளவையியல் தமிழுக்கு உடனடித் தேவை.